மொரிசியஸ் ஷமரெல் ஏற்றத்தில் கால் ஊன்றாமல் ஏற பதினோரு வாரம் போதுமா?

நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 41, எடை 84 கிலோ. சென்னையில் இருந்தபோது ஈசிஆரில் சைக்கிளில் 100 கிலோமீட்டரை மணிக்கு 30 சராசரியில் ஓட்டியவர். வேலை மாறி மொரிசியஸின் எபேனுக்கு வந்து எட்டு மாதம். போன ஞாயிறு கடலோரக் காஸ் நோயாலிலிருந்து மேலே ஷமரெல் ஊருக்குப் போகும் ஏற்றத்தில் ஏறி, பாதியில் காலை ஊன்றிவிட்டார். பதினோரு வாரத்தில் அதே ஏற்றம் வழியாக அதற்கும் மேலே பிளேன் ஷாம்பாஞ் மேட்டுவெளி வரை போகும் உள்ளூர்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். கார்பன் சக்கரம் வாங்குவதா, உடம்பைக் குறைப்பதா என்பது கேள்வி. கடைசி வரியில், கொஞ்சம் கூச்சத்தோடு, "இறங்கித் தள்ளினால் தகுதி நீக்கம் செய்வார்களா?" என்றும் கேட்டிருக்கிறார்.

சக்கரமும் எடையும் மேலுக்குக் கேட்டவை. உள்ளே இருக்கும் கேள்வி, "இவ்வளவு நாள் ஈசிஆரில் ஓட்டியதெல்லாம் வீணா?" என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. நானும் அதே கேள்வியோடு இதே ரோட்டோரத்தில் நின்றவன். ஊர் திருப்பூர். இங்கே ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் மெயின்டெனன்ஸ். பதினேழு வருடமாக இந்தத் தீவில் ஓட்டுகிறேன், பதினாலு வருடமாக உள்ளூர்ப் பந்தயங்களில் பின்வரிசையில் வந்து சேர்கிறேன். பயிற்சியாளர் சான்றிதழோ மருத்துவப் படிப்போ கிடையாது. பல்சக்கரமும் பேரிங்கும் பற்றி மட்டும் தயங்காமல் பேசுவேன்.

முதலில் கணக்கு, ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் போக உங்கள் அளவு ஆளுக்குச் சுமார் 160 வாட் வேண்டும். கூட்டத்துக்குள் ஒண்டிக்கொண்டால் அதைவிடக் கணிசமாகக் குறைவு. அந்த 160-ல் முக்கால் பங்கு காற்றைத் தள்ளத்தான் செலவாகிறது. ஈசிஆரில் உங்கள் எதிரி காற்று. உங்கள் 84 கிலோவை அங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை. இப்போது அதே 160 வாட்டோடு 10 சதவீத ஏற்றத்துக்கு வாருங்கள். உங்களையும் வண்டியையும் சேர்த்து 94 கிலோ. வேகம் மணிக்கு 6 கிலோமீட்டருக்கும் கீழே போய்விடும். காற்றுக்கு இங்கே வேலையே இல்லை. நீங்கள் கொடுக்கும் பலத்தில் நூற்றுக்கு 95 புவியீர்ப்புக்குப் போகிறது. உங்கள் வண்டியில் இருக்கும் ஆகச் சிறிய கியர் 34-க்கு 28, அதாவது முன்னால் 34 பல், பின்னால் 28 பல். அதில் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, வண்டி சுமார் 2.55 மீட்டர் நகரும். 6 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 39 மிதி. சமதரையில் 85, 90 மிதித்துப் பழகிய காலை 39-க்கு இறக்கினால், ஒவ்வொரு மிதியும் கல்லுரலைச் சுற்றுகிற மாதிரிதான் இருக்கும். அந்த வேகத்தில் ஹேண்டில் வேறு பாம்பு மாதிரி நெளியும். நீங்கள் இறங்கியதில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கியரில் அந்தப் பலத்தோடு யார் வந்தாலும் இறங்கியிருப்பார்கள்.

எனவே சக்கரத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் சிறு பகுதியைக் காசெட்டுக்கு, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்துக்கு, கொடுங்கள். பின்னால் 11 பல்லிலிருந்து 34 பல் வரை உள்ள 11–34 மாட்டினால் கடைசிக் கியரில் ஒரு மிதிக்கு 2.1 மீட்டர். அதே 160 வாட்டில் 39 மிதி 47 ஆகும். பயிற்சியில் 210 வாட் வரை வந்துவிட்டால் வேகம் ஏழரைக்கு மேல், மிதி 60. மிதி 60-ஐத் தொட்டால் ஏற்றம் உழைப்பாக இருக்கும், சித்திரவதையாக இருக்காது. கார்பன் சக்கரம் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்றும் பார்த்துவிடலாம். பழைய சக்கரத்தைவிட 400 கிராம் குறைவு என்று வைத்துக்கொண்டால், 94 கிலோவில் அது அரை சதவீதம்கூட இல்லை. 20 நிமிட ஏற்றத்தில் 5 நொடி. உடம்பில் 4 கிலோ குறைத்தால் 50 நொடி. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும், பயிற்சியும் ஏறாது. பதினோரு வாரத்தில் 4 கிலோ தானாக வந்தால் வரட்டும்.

காசெட் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பின்னால் கியர் மாற்றும் டெரெய்லர் எத்தனை பல் வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள். என் இரண்டாவது வருடத்தில் ஒரு கடைக்காரர், "தாங்கும், போ" என்று சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் கை குட்டையான டெரெய்லரிலேயே பெரிய காசெட்டை மாட்டி அனுப்பினார். தினமும் மெஷின் கழற்றுகிற நானும் சங்கிலி நீளத்தை அளந்து பார்க்காமல் தலையாட்டிவிட்டேன். முதல் ஏற்றத்தில் பெரிய பல்லுக்குத் தள்ளியதும் சங்கிலி வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு, டெரெய்லர் முறுக்கிக்கொண்டு ஸ்போக் கம்பிக்குள் போய்ச் சிக்கியது. ஆறு கம்பி போச்சு. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தேன். பெரிய பல்லுக்கு மாறினால் சங்கிலியும் நீளமாக வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

அடுத்தது ஏறும் விதம். காஸ் நோயாலில் கடலோரம் விட்டுத் திரும்பியதும் ரோடு உடனே முகத்தைக் காட்டிவிடும். கடலோரச் சமதரையில் கூட்டத்தோடு 35-ல் வந்த உடம்பு, அந்த உற்சாகத்திலேயே முதல் வளைவுக்குள் நுழையும். மூன்றாவது நிமிடத்தில் நெஞ்சுத்துடிப்பு உச்சத்தில் நிற்கும், ஆறாவது நிமிடத்தில் தொடை கடுக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடன் அடையாது. நான் முதல் வருடம் முழுக்க இப்படித்தான் ஏறினேன். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டி ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் விழுவதை எண்ணிக்கொண்டு, கீழே இறங்கும் சுற்றுலா பஸ்ஸின் பிரேக் நாற்றத்தை இழுத்துக்கொண்டு நின்றபோது, ரோஸ் ஹில்காரர் ஒருவர் என்னைத் தாண்டினார். அறுபதைக் கடந்தவர், தமிழ்க் குடும்பம், வீட்டில் கிரெயோல்தான். தமிழில் அவருக்கு வாயில் வரும் சொல் "தம்பி" ஒன்றுதான். மூச்சு கொஞ்சமும் இறைக்காமல், "தூஸ்மான், தம்பி, தூஸ்மான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாக, மெதுவாக. எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த ஞாயிறு பிடிவாதமாக அவர் பின்சக்கரத்தை விட்டு விலகாமல் ஏறினேன். முதல் கிலோமீட்டரில் தூக்கம் வரும்போல அவ்வளவு மெதுவாகப் போனார். மேலே ஊருக்குள் நுழையும்போது என் கடிகாரம் முந்தைய வாரத்தைவிட இரண்டு நிமிடம் குறைத்துக் காட்டியது.

ஏற்றத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கை, "இன்னும் வேகமாகப் போகலாமே" என்று எரிச்சல் வருகிற அளவுக்கு அடக்கி ஓட்டுங்கள். நாலு வார்த்தை பேசி ஐந்தாவதுக்கு மூச்சு வாங்கினால் சரியான அளவு. ஒற்றை வார்த்தைதான் வருகிறதென்றால் அதிகம். கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. இங்கே இடப்பக்கப் போக்குவரத்து என்பதால் இடதுபுறம் திரும்பும் வளைவில் உங்கள் பாதைதான் உள்பக்கம், அதாவது செங்குத்து. அந்த இடத்துக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு இறக்கினால் சங்கிலி மறுக்கும். எதிரே பஸ் வளைவை முழுசாக விழுங்கிக்கொண்டு வரும் என்பதால், ரோடு மூடப்படாத நாளில் நடுக்கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் போகும் ஆசை வேண்டாம்.

பதினோரு வாரத்தை எப்படிச் செலவழிப்பது? ஈசிஆரில் சேர்த்த அடித்தளம் வீணாகவில்லை. மூன்று மணி நேரம் வண்டியில் உட்காரத் தெரிந்த உடம்பு உங்களிடம் இருக்கிறது. இல்லாதது, 15, 20 நிமிடம் விடாமல் உயர்ந்த பலத்தைப் பிடித்து நிற்கும் பழக்கம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடுமை, மற்றதெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டும் அளவு. கடுமையான நாளில் எட்டு நிமிடம் ஏற்றத்தில் கொடுக்கும் அளவு பலம், நாலு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. இரண்டு வாரம் கழித்துப் பத்து நிமிடம், பிறகு பன்னிரண்டு. நாலு வாரத்துக்கு ஒரு வாரம் பாதியாகக் குறைத்து ஓய்வு. நாற்பதைத் தாண்டிய உடம்புக்கு இதில் விட்டுக்கொடுக்க முடியாது. பந்தயத்துக்கு முந்தைய வாரம் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் கடுமையை முழுசாக விடாமல் இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக வைத்திருங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இந்தக் குளிர்காலத்தில் காலை ஆறே முக்காலுக்குத்தான் வெளிச்சம், மாலை ஐந்தே முக்காலுக்கு இருட்டு. ஆபீஸ் போகிறவருக்கு வார நாளில் மலை கிடையாது. வீட்டில் வண்டியை நிறுத்தி வைத்தே மிதிக்கும் டிரெய்னர் இருந்தால் முன்சக்கரத்துக்கு அடியில் தடிமனான புத்தகம் வைத்து, மிதியை 60-க்கு இறக்கி அந்தப் பத்து நிமிடத் துண்டுகளைச் செய்யுங்கள். சனிக்கிழமைக்குக் காற்று இருக்கிறது. இந்தத் தீவில் தென்கிழக்கிலிருந்து வருடம் முழுக்க வீசும் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னும் பலமாக இருக்கும். தென் கடலோரத்தில் பே த்யூ காப்பிலிருந்து பெல் ஓம்ப்ர் வழியாகக் கிழக்கே சூயாக் பக்கம் போங்கள். காற்று முகத்தில் அடிக்கும், சமதரையே ஏற்றமாகிவிடும், இடையில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றே போகும். மலை இல்லாத நாளில் மலைக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள 40-ல் பறக்கலாம், அது கூலி. கரும்பு வெட்டுக் காலம் என்பதால் லாரியிலிருந்து விழுந்த சோகையும் சக்கையும் ரோட்டில் கிடக்கும். ஈரத்தில் அது எண்ணெய் மாதிரி வழுக்கும்.

கடைசி நாலு வாரத்தில் ஞாயிறுதோறும் அசல் ஏற்றத்தில் ஏறுங்கள். பே த்யூ காப்பிலிருந்து ஷுவாசி வழியாக ஷமரெலுக்கு இன்னொரு ரோடு இருக்கிறது, அதுவும் சளைத்ததல்ல. மாற்றி மாற்றி ஏறினால் அலுப்புத் தட்டாது. ஒரே நாளில் இரண்டு முறை ஏறுவது வீரம் மாதிரித் தெரியும். முதல் முறையைச் சரியாக ஏறினால் இரண்டாவதுக்கு ஆசையே வராது.

ஊர் கொல்லிமலையை வைத்து ஷமரெலை எடை போடாதீர்கள் என்று ஒரு இடைச்செருகல். கொல்லிமலை 70 கொண்டை ஊசியோடு நீண்டு கிடப்பது. இங்கே எல்லாம் குட்டை, ஆனால் சாய்வில் இரக்கம் இருக்காது. இந்தத் தீவின் கியூர்பிப்பில் பிறந்த சைக்கிள் வீராங்கனை கிம் லெ கூர் 2025-ல் பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பெண்கள் பந்தயத்தை வென்றதும், அதே வருடம் பெண்களுக்கான டூர் த பிரான்ஸில் ஒரு கட்டத்தை ஜெயித்து மஞ்சள் சட்டை போட்டதும் நினைவிருக்கும். லியேஜ் பந்தயமே குட்டையும் செங்குத்துமான மேடுகளின் வரிசைதான். இந்தத் தீவின் ரோடுதான் அப்படி ஒரு காலை உருவாக்கியது என்று எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். எனக்கும் அப்படி நம்பப் பிடிக்கிறது, ஆனால் அது ஆசை, நிரூபணம் இல்லை.

இனி உறுதியில்லாத சங்கதிகள். ஏற்றத்தில் உட்கார்ந்து மிதிப்பதா, எழுந்து நிற்பதா? சாதாரணச் சாய்வில் உட்கார்ந்தால் மூச்சு மிச்சம் என்பது ஓரளவு தெளிவு. 10 சதவீதத்துக்கு மேலே ஆளுக்கு ஆள் மாறுகிறது. 84 கிலோ ஆள் அடிக்கடி எழுந்தால் துடிப்பு ஏறும். முதுகை நீட்ட, ஒரு வளைவுக்குப் பத்து மிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தசைப்பிடிப்புக்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று கடைக்கு வெளியே எல்லோரும் சொல்வார்கள். பழகாத அளவு களைப்பே முக்கியக் காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் நிறைய. வழக்கு இன்னும் முடியவில்லை. பீட்ரூட் சாறு சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது, எல்லோருக்கும் இல்லை. ஹேண்டிலில் மாட்டும் சைக்கிள் கணினியில் தெரியும் சாய்வு சதவீதத்தை நம்ப வேண்டாம். மரத்தடி வளைவில் அது பின்தங்கியே காட்டும். மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் இல்லாமல் செயலி ஊகித்துக் கொடுக்கும் வாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையும் கடிகாரமும் உங்களுக்குப் போதும்.

முழங்காலில் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறதா, கியர் பெரிதா என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் போகாவிட்டால் என் பேச்சை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். 41 வயதில், உச்சத் துடிப்பில் முதல் முறையாகப் பழகப் போகிறவர் ஒரு தடவை இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைய பந்தயம் அங்கேயே முடிந்தது.

சாப்பாட்டில் சுருக்கமாக. பந்தயத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வயிற்றுக்குள் போக வேண்டும், ஏற்றத்துக்கு இருபது நிமிடம் முன்பே கடைசி வாய் முடிந்திருக்க வேண்டும். ஜெல் பிடிக்காவிட்டால் வாழைப்பழம் போதும். பயிற்சி நாளில் என் சட்டைப் பையில் ஒரு ஜோடி தால் பூரி இருக்கும், மிளகாய் வைக்காமல் சுருட்டித் தரச் சொல்வேன். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். கேட்டோ பிமா நம்ம ஊர் பருப்பு வடைதான், பார்த்ததும் கை போகும். எண்ணெயும் மிளகாயும் ஏற்றத்தில் மேலே வந்து பேசும், பந்தயம் முடிந்த பிறகு எத்தனை வேண்டுமானாலும் தின்னுங்கள்.

ஷமரெல் ஊர் வந்ததும் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் பந்தயத்தைத் தொலைப்பது அதற்கு மேலேதான். ரோடு இன்னும் ஏறி, எழுநூறு மீட்டருக்கு மேலே பிளேன் ஷாம்பாஞ் வெளிக்குக் கொண்டுபோய் விடும். கடலோரத்தைவிட நாலைந்து டிகிரி குறைவு, கூடவே சாரலும் பக்கக் காற்றும். வேர்த்த உடம்பு பத்து நிமிடத்தில் விறைத்து, பிரேக் பிடிக்க விரல் மடங்காது. மெல்லிய காற்றுச்சட்டை ஒன்றைச் சுருட்டிப் பையில் வையுங்கள். அங்கே சாய்வு தணிவதால் கூட்டத்துக்கு மறுபடி மதிப்பு வந்துவிடும். ஒருவர் பின்னால் ஒண்டினால் கால்வாசிப் பலம் மிச்சம். முன்னால் போகிற குழு அரை நிமிடம் தள்ளிப் போய்விட்டால் தனியாகத் துரத்தாதீர்கள். பின்னால் வரும் நாலைந்து பேருக்காகக் கொஞ்சம் தளர்த்தி, அவர்களோடு முறை போட்டு ஓட்டுங்கள். ஈசிஆர்க்காரருக்கு இது நன்றாகத் தெரிந்த வேலை, உங்கள் 84 கிலோ லாபமாக மாறும் இடமும் இதுதான்.

கூச்சப்பட்டுக் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சாலைப் பந்தய விதிகளில் இறங்கித் தள்ளுவது குற்றமே இல்லை. முடிவுக் கோட்டைக்கூட நடந்தே தாண்டலாம், சைக்கிள் உங்களோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளூர்ப் பந்தயத்தில் நேரக்கெடு இருந்தால் கடைசி வண்டி வந்து ஏறச் சொல்லும், அதை மட்டும் முன்பே விசாரித்து வையுங்கள். இறங்கினால் உடனே இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறாமல் இருக்க. மறுபடி ஏறுவதுதான் கஷ்டம். செங்குத்தில் நேரே ஏற முயன்றால் இரண்டாவது காலின் ஷூவைப் பெடல் கொக்கியில் மாட்டுவதற்குள் வண்டி நின்றுவிடும். சாய்வு கொஞ்சம் தணியும் இடம் வரை தள்ளிக்கொண்டு போங்கள். ஆகச் சிறிய கியரில் போட்டு, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே சாய்வாகத் திருப்பி ஒரு காலை மாட்டுங்கள். அந்தப் பெடல் மேலே இருக்கும்போது ஒரே அழுத்து. மற்ற காலை மாட்ட அவசரம் வேண்டாம், ஷூவின் அடிப்பாகத்தாலேயே நாலு மிதி மிதித்து வேகம் பிடித்த பிறகு கொக்கியைத் தேடினால் போதும். வீட்டுப் பக்கத்தில் ஏதாவது ஒரு மேட்டில் பத்து முறை செய்து பாருங்கள்.